பெயர் சொல்லாத ஏழாவது பாட்டு

வனமாமலையைப் பாராட்டி எழுதப்பட்ட முதல் விமர்சனத்தை அவன் குளியலறைக்குள் நின்றுகொண்டுதான் படித்தான். சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வாடகை அறையில், தனியாக நின்று எதையாவது படிக்க வேறு இடம் கிடையாது. வெளியே, வாயில் பிரஷ்ஷோடு அந்தோணிராஜ் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஏல மலை, உள்ள என்னல பண்ணுத? சத்தமா வாசில. அதுல எனக்கும் பங்கு உண்டுல்லா?"

உண்மைதான். ‘லைன் நம்பர் மூணு’ என்ற அந்த ஆல்பத்தின் ஏழு பாட்டுக்கும் இசை அந்தோணிராஜ். தூத்துக்குடிக்காரன். பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு தாளம் தாளமாகக் கோத்தவன். வார்த்தையும் குரலும் வனமாமலை. நாங்குநேரிப் பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரகடத்துக்கு வந்தவன். பாட்டில் அவன் பெயர் ‘மலை’. பீரோவைச் சுவரோரம் தள்ளி, கதவைத் திறந்து வைத்து, அதன்மேல் நான்கு போர்வையைத் தொங்கவிட்டு, அந்தக் கூட்டுக்குள் தலையை நுழைத்துப் பாடித்தான் ஆல்பம் முழுவதையும் பதிவு செய்தார்கள். ஹைவேயில் லாரி ஹார்ன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். பத்து மாத வேலை.

வனமாமலை சத்தமாக வாசித்தான். எழுதியவர் ஜயஸ்ரீ. ஸ்ரீபெரும்புதூரில் வங்கி வேலை. சனி ஞாயிறுகளில் ‘காதோரம்’ என்ற பக்கத்தில் பாட்டு விமர்சனம் எழுதுகிறவர். அப்பா கோயில் கைங்கரியம், தாத்தா கோயில் கைங்கரியம் என்று வந்த வீட்டிலிருந்து, ராப் பாட்டைப் பற்றி எழுதுகிற பெண். அதனாலேயே அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

"மூன்றாவது பாட்டின் நடுவே திடீரென்று ஒலிக்கும் குக்கர் விசில், அழுத்தம் தாங்காமல் வெடிக்கக் காத்திருக்கும் ஓர் உழைப்பாளியின் மூச்சு."

வெளியே அந்தோணிராஜுக்குப் புரையேறியது. "ஏல, அது பக்கத்து ரூம் சரோஜாக்கா பருப்பு வேக வச்சதுல்லா! நாமதான் அழிக்க மறந்துட்டம்!"

வனமாமலையும் சிரித்தான். அதுதான் அவன் அன்றைக்குச் சிரித்த கடைசிச் சிரிப்பு. அடுத்த பத்தி இப்படி இருந்தது.

"ராப் பாடகர்கள் பாட்டின் தொடக்கத்திலேயே தங்கள் பெயரை முழங்குவது வழக்கம். மலையும் ஆறு பாட்டில் அப்படித்தான் தொடங்குகிறார். ஆனால் ஏழாவது பாட்டான ‘ரிலீவர் வரல’வில் ஓரிடத்தில்கூட அவர் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் அவமானத்துக்கு முன்னால் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிற இந்தப் பணிவு, இந்த நேர்மை, சமீபத்தில் நான் எங்கும் கேட்காதது."

நேர்மை! அந்த ஒரு சொல்லின்மேல் அவன் கண் நின்றுவிட்டது. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். இன்னும் ஒரு முறை அடித்துக்கொண்டான்.

"ஏன்ல நிறுத்திட்ட? வாசில!"

"அவ்வளவுதாம்ல. முடிஞ்சுட்டு."

முடியவில்லை. அது இப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

வனமாமலை வேலை பார்த்தது, காரின் ஸ்டியரிங்குக்கு முன்னால் வேகம் காட்டும் மீட்டர் பெட்டியைச் செய்கிற கம்பெனியில். மூன்றாம் நம்பர் லைனில் இருபத்திரண்டு இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்தபோது எழுந்திருக்க முடியாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். பச்சைத் தொப்பி போட்ட ரிலீவர் ஓடி வருவான். தோளில் ஒரு தட்டுத் தட்டுவான். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் எழுந்திருக்கலாம். போனவர் திரும்பி வரும்வரை ரிலீவர் அந்த இடத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பான். லைன் முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அன்றைய தேதி, அன்றைய டார்கெட், அன்றைய ரிலீவர் பெயர், மூன்றையும் காலையில் லைன் லீடர் எழுதி வைப்பார்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பலகையில் ரிலீவர் என்பதற்கு நேராக முதல் தடவையாக ‘வனமாமலை’ என்று எழுதியிருந்தது.

காலை பத்து மணி இருக்கும். ஒரு வாரமாகப் பிடிபடாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மெட்டு, அந்த நேரம் பார்த்து அவன் தலைக்குள் வந்து உட்கார்ந்தது. மறந்துவிட்டால் போச்சு. போனோ லாக்கர் ரூமில். லைனுக்குள் போன் கொண்டு வரக் கூடாது. ஒரு நிமிடம்தானே என்று போனான். பாடிப் பார்த்தான். சரியில்லை. மறுபடி பாடினான். அந்தோணிராஜுக்கு வாய்ஸ் நோட் அனுப்பினான். இன்னொன்று தோன்றியது. அதையும் அனுப்பினான்.

பதினொரு நிமிடம்.

அந்தப் பதினொரு நிமிடமும் பதினேழாம் நம்பர் இருக்கையில் சுகப்பிரியா கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இருபத்தோரு வயது. வல்லம் வடகாலில் கம்பெனி விடுதி. ஒரு பெட்டிக்கு நான்கு ஸ்குரூ முடுக்க வேண்டும், பிறகு கையைத் தூக்க வேண்டும், அடுத்த பெட்டி வந்ததும் இறக்க வேண்டும், முடுக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். லைன் லீடர் பெருமாள்சாமி அன்றைக்கு ஆள் குறைவென்று தானே நாலாம் நம்பரில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாம் நம்பருக்கு முதுகு காட்டிய இருக்கை அது. அவர் பார்க்கவில்லை.

வனமாமலை பச்சைத் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாயில் மெட்டோடு திரும்பி வந்தபோது லைனில் பேச்சு மூச்சு இல்லை. பெல்ட் சத்தம் மட்டும். பக்கத்து இருக்கைப் பெண் தன் மேல்கோட்டைக் கழற்றிச் சுகப்பிரியாவின் இடுப்பில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். தரை துடைக்கிற அம்மா தலையைக் குனிந்தபடி துடைத்துக்கொண்டிருந்தாள். சுகப்பிரியா அழவில்லை. வந்த பெட்டிக்கு நாலு ஸ்குரூவையும் முடுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். ஐயோ, அந்த நடை! இடுப்பில் சுற்றிய கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேரையும் தாண்டி அவள் நடந்த அந்த நடையை எந்தப் பாட்டால் எழுத முடியும்?

"எங்கபா பூட்ட?" என்று பெருமாள்சாமி கேட்டார். வல்லம் வடகால்தான் அவருக்குச் சொந்த ஊர். கோபம் வந்தாலும் குரல் உயராத மனிதர்.

"ஸ்டோருக்கு சார். கிளவுஸ் எடுக்க."

அவர் நம்பினார். ரிப்போர்ட்டில் ‘ரிலீவர் தாமதம், காரணம் கிளவுஸ்’ என்று எழுதினார்.

நாலு நாள் வனமாமலைக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அதைப் பாட்டாக எழுதினான். எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தான். எழுத எழுதக் கண்ணில் நீர் வந்தது. அது நிஜமான நீர்தான். ஆனால் ‘நான்’ என்று வர வேண்டிய இடத்தில் அவன் பேனா ஒரு சுற்றுச் சுற்றி வேறு வழியில் போய்விட்டது.

கையத் தூக்குனா, கண்ணால தேடுனா,
ரிலீவர் வரல, ரிலீவர் வரல.
பதினேழு சீட்டுல பச்சப்புள்ள வாடுனா,
பெரிய மனுசன் பார்க்கல, ரிலீவர் வரல.

"பேரு போடலயால இதுக்கு?" என்று அந்தோணிராஜ் அப்போதே கேட்டான்.

"இந்தப் பாட்டுக்கு வேண்டாம்ல."

அந்தோணிராஜ் அவனைத் தட்டிக்கொடுத்தான். "நீ பெரிய ஆளுல."

விமர்சனம் வந்த பத்தே நாளில் ஏழாவது பாட்டு அந்தப் பகுதி முழுக்கப் பரவியது. பாட்டுக்குக் கீழே நானூற்றுச் சொச்சம் கமெண்ட். ‘இது எங்க கதை அண்ணா’ என்று ஒசூரிலிருந்து ஒரு பெண் எழுதினாள். ‘எங்க கம்பெனியில ரிலீவரே கிடையாது’ என்று இன்னொருத்தி. எல்லாரும் புகழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. குன்றத்தூரிலிருந்து வீடியோ போடுகிற ஒருவன், ‘மத்த ஆறு பாட்டும் சுமார், பீட்டு அரதப் பழசு, குரல் தகர டப்பா’ என்றான். மலையின் ரசிகர்கள் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மலைக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதே மலைக்கு அப்போதுதான் தெரிந்தது.

கம்பெனி பஸ்ஸில் காலை ஐந்தேகாலுக்கு அந்தப் பாட்டுத்தான். கேன்டீன் வரிசையில் அந்தப் பாட்டுத்தான். டீக்கடையில் டீ வரத் தாமதமானால், "ரிலீவர் வரல, ரிலீவர் வரல" என்று பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். பாத்ரூம் கதவில் கரியால் எழுதினார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பாட்டில் சுகப்பிரியாவின் பெயர் இல்லைதான். ஆனால் பதினேழு இருந்தது. ‘பச்சப்புள்ள’ என்பதோடு ஓசை சேர்கிறது என்பதற்காகப் போட்ட நம்பர்! வெளியூரில் கேட்பவனுக்கு அது வெறும் எண். மூன்றாம் லைனில் அது ஒரு பெண்ணின் முகவரி. இரண்டே நாளில் அவளுக்குப் பெயரே ‘பதினேழு’ என்றாகிவிட்டது. அவள் எழுந்து நடந்தால் யாரோ மெதுவாக முணுமுணுப்பார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லார் தலையும் பெட்டிமேல் குனிந்திருக்கும்.

‘பெரிய மனுசன்’ யார் என்பதும் லைனில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆபீஸுக்கும் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை பெருமாள்சாமியின் தலையில் லைன் லீடருக்கான நீலத் தொப்பி இல்லை. பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வருடம் லைன் லீடராக இருந்தவர். கேன்டீனில் வனமாமலை எதிரே வந்தபோது அவர் தட்டில் இருந்த சாம்பார் சாதத்தையே பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பாட்டுக்குக் கீழே நானூற்றுப் பதினாறாவது கமெண்ட் வந்தது. படம் இல்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரே வரி.

‘பாட்டு நல்லா கீது. அன்னிக்கு போர்டுல ரிலீவர் பேரு இன்னானு எய்தி இருந்துச்சு தம்பி?’

அது பெருமாள்சாமியின் பேச்சு என்று வனமாமலைக்குத் தெரிந்தது. அந்தக் கமெண்ட்டுக்குக் கீழே அவன் ரசிகர்கள் ஏற்கெனவே பாய்ந்திருந்தார்கள். ‘யோவ் யாருயா நீ’, ‘மேனேஜ்மென்ட் கைக்கூலி’, ‘மலை அண்ணன் மேல கை வச்ச’. அவனுக்காக, முகம் தெரியாத பிள்ளைகள், ஒரு நல்ல மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். ஒரு விரலால் அந்த வரியை அழித்துவிடலாம். விரலை வைத்தான். எடுத்தான். அழிக்கவும் துணிவில்லை, பதில் எழுதவும் துணிவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே ஜயஸ்ரீ போனில் அழைத்தார். "மலை, வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு ஹால் எடுத்திருக்கோம். இருநூறு பேர் வருவாங்க. ஏழு பாட்டையும் நீங்க பாடணும். கடைசியில ‘ரிலீவர் வரல’ எப்படி எழுதினீங்கன்னு பேசணும். அது போதும்."

"சரிங்க மேடம்" என்றான். வேறென்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சுகப்பிரியாவே அவனிடம் வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் அவனோடு பேசுவது அதுதான் முதல் தடவை. ஆள் இளைத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல், கழுத்துவரை நிரம்பியபடி. காலையில் விடுதியில் பிடித்த தண்ணீர் அது.

"எண்ணே, உங்கள ஒண்ணு கேக்கணும். மத்த பாட்டுல எல்லாம் மலை மலைன்னு கத்துதிய. இந்தப் பாட்டுல மட்டும் உங்க பேரு ஏன் இல்ல?"

ஜயஸ்ரீக்குப் பணிவாகத் தெரிந்தது. அந்தோணிராஜுக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. நானூறு பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை. இவள் ஒருத்திக்குத்தான் அது ஓட்டையாகத் தெரிந்தது.

"அது வந்து பிரியா... அன்னைக்கு நான் ஸ்டோருக்கு..."

"கிளவுஸா?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் அவனை அறைந்திருக்கலாம். "கிளவுஸ் பெட்டி அன்னைக்கு என் காலுக்கடியிலதான் இருந்துச்சு. காலைல நீங்கதான் கொண்டாந்து வச்சிய. மறந்துட்டியளோ?"

அவன் பஸ் வருகிற திசையையே பார்த்தான்.

"உனக்கு... முதல்லயே தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் பெருமாள்சாமி சார்ட்ட சொல்லல?"

"சொன்னா திரும்ப அதையே பேசணும்லா? விசாரிப்பாவ. எத்தன மணிக்கு, எவ்வளவு நேரம், எப்ப ஆச்சுன்னு கேப்பாவ. பேசாம இருந்தா ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துருவாவன்னு நெனச்சேன். மறந்துக்கிட்டுத்தான் இருந்தாவ. நீங்க அதை எடுத்து மைக்குல போட்டுட்டிய."

அவள் குரல் உயரவேயில்லை. அவனுக்கோ அந்த நிமிடம் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"பாட்டை அழிச்சிருதேன் பிரியா. இப்பமே அழிச்சிருதேன்."

"அழிச்சா? எல்லாவன் போன்லயும் இருக்கு. பதினேழு அழுது அழிக்க வச்சிட்டான்னு அதுக்கும் ஒரு பாட்டுக் கட்டுவாவ." பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் ஷிஃப்ட்ல தண்ணி குடிச்சு நாலு மாசம் ஆச்சு. கையைத் தூக்க வேண்டாம் பாருங்க. டாக்டரம்மா திட்டுதாவ. அது உங்க பாட்டுல இல்ல. எனக்காகப் பாடுனதா எல்லாரும் சொல்லுதாவ. எனக்காக ஒண்ணு செய்யுங்க. உங்க பேரைச் சொல்லுங்க."

பஸ் வந்தது. அவள் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸுக்குள் அவன் குரல் பாடிக்கொண்டிருந்தது. வனமாமலை ஏறவில்லை. சுங்குவார்சத்திரம்வரை ஹைவே ஓரமாகவே நடந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ஏழாவது பாட்டுக்குத்தான் கூட்டம் என்பது முதல் ஆறு பாட்டுக்கும் கிடைத்த கைதட்டலிலேயே தெரிந்தது. இரண்டாவது பாட்டுக்குக் கொஞ்சம் ஆடினார்கள். மூன்றாவது பாட்டில் குக்கர் விசில் வந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து விசில் அடித்தார்கள். கடைசி வரிசையில், சுவரோரமாக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் கையைக் கட்டி நின்றிருந்தார். பெருமாள்சாமி.

ஏழாவது பாட்டின் தாளம் தொடங்கியது. இருநூறு பேரும் எழுந்துவிட்டார்கள். "ரிலீவர் வரல" என்று அவர்களே ஆரம்பித்தார்கள். அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

பேரு வனமாமலை, பச்சத் தொப்பி என் தலை,
போர்டுல எழுதியிருந்த பேரு வனமாமலை.
லாக்கர் ரூமுல பாடிக்கிட்டு நின்னேன்,
ரிலீவர் வரல, வராதவன் நான்தான்ல.

கூட்டம் ஆர்ப்பரித்தது! ஐயோ, அவர்கள் ஆர்ப்பரித்தார்கள். புது வரி கிடைத்த சந்தோஷத்தில், "ம-லை! ம-லை!" என்று கையை ஆட்டினார்கள். தன் குற்றத்தைச் சொல்லிவிட்டு அதற்குக் கிடைத்த கைதட்டலுக்கு நடுவே ஒரு மனிதன் நிற்பதைவிடக் கேவலம் உலகத்தில் உண்டா? அவன் கையைக் காட்டித் தாளத்தை நிறுத்தச் சொன்னான். அந்தோணிராஜ் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இது பாட்டுக்காகச் சொன்னது இல்ல. நிஜமாவே நான்தான். அன்னைக்கு ரிலீவர் நான். போன்ல பாட்டுப் பாடப் போயிட்டேன். கிளவுஸ் எடுக்கப் போனேன்னு பொய் சொன்னேன். பெரிய மனுசன் பார்க்கலன்னு எழுதினேன். அவரு ஆள் இல்லாத சீட்டுல உக்காந்து வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு மேல ஒரு தப்பும் கிடையாது."

முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணா, இது கேரக்டரா? கதைக்காகவா?"

"கதை இல்ல தம்பி."

ஹால் மெல்ல மெல்ல அடங்கியது. அந்தோணிராஜின் முகம் வெளுத்திருந்தது. "ஏல, அந்த வாய்ஸ் நோட்டா?" என்றான், மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "ரெண்டாவது பாட்டு... அதுவால அது?" சற்று முன்னால் எல்லாரும் ஆடிய பாட்டு அதுதான்.

ஜயஸ்ரீ மேடையோரத்தில் இன்னொரு மைக்கோடு நின்றிருந்தார். பேச எழுதி வைத்திருந்த தாளை மடித்தார். "அப்போ நான் எழுதினது..."

"தப்பு மேடம். நான் பேரைச் சொல்லாதது பணிவு இல்ல. பயம். அந்தக் குக்கர் விசிலும் தப்புதான் மேடம், பக்கத்து ரூம்ல பருப்பு வெந்தது."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். வனமாமலை கடைசி வரிசையைப் பார்த்தான். சுவரோரம் யாரும் இல்லை.

அடுத்த வாரம் ஜயஸ்ரீ ஆறே வரி எழுதினார். ‘ஒளிந்துகொண்டதை நான் பணிவு என்று எழுதினேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன். என் பக்கத்திலிருந்து அந்த விமர்சனத்தை எடுக்கவில்லை. தப்பாகக் கேட்ட காதுக்கு அது சாட்சியாக இருக்கட்டும்.’ அந்தோணிராஜ் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "எனக்காவது முதல்ல சொல்லியிருக்கலாம்லால" என்றான். வனமாமலை தலையாட்டினான்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் ‘த்தூ’ என்று எழுதிவிட்டுப் போனது. அது அவனுக்கு வலிக்கவில்லை. இன்னொரு கூட்டம் எழுதியதுதான் கொன்றது. ‘தப்பை ஒத்துக்க எவ்ளோ பெரிய மனசு வேணும். மலை அண்ணன் நேர்மை யாருக்கு வரும்!’ மறுபடியும் அதே சொல்! ஒளிந்தாலும் நேர்மை, வெளியே வந்தாலும் நேர்மை. பெயர் சேர்த்த புதுப் பாட்டை வெளியிட்டார்கள். பழைய பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட அதை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஒருவன் புதுசைப் போட்டபோது, "பழசையே போடுடா, அதுலதான் அடி நல்லா இருக்கும்" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. பழசையே போட்டார்கள். வனமாமலை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பெயரில்லாத தன் குரலை ஒரகடம்வரை கேட்டுக்கொண்டு போனான்.

கம்பெனி அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. மெமோ கொடுத்தது. பச்சைத் தொப்பியை வாங்கிக்கொண்டு ஒன்பதாம் நம்பரில் உட்காரவைத்தது. மூன்று வாரம் கழித்து பெருமாள்சாமி நீலத் தொப்பியோடு லைனுக்குத் திரும்பி வந்தார். நேராக ஒன்பதாம் நம்பருக்கு வந்து நின்றார். வனமாமலை எழுந்திருக்கப் பார்த்தான்.

"குந்துபா, பெல்ட் ஓடுது." கொஞ்ச நேரம் அவன் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டு நல்லாத்தான் கீது. அந்தப் பெரிய மனுசன் லைனை மட்டும் எட்த்துடு. எம் பொண்ணு ஸ்கூல்ல கேக்கறாங்களாம்."

"எடுத்துட்டேன் சார். புதுசுல அது இல்ல."

"புதுசை எவன் கேக்கறான்?" என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் உண்மை என்பதால் அவனுக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது.

அடுத்த திங்கட்கிழமை காலை. வனமாமலை லைனுக்குள் நுழையும்போதே, "உன் தொப்பி அங்க கீது, எட்த்துக்கோ" என்றார் பெருமாள்சாமி. மேஜைமேல் பச்சைத் தொப்பி.

"என்னையா சார்? வேண்டாம் சார். வேற யாரையாவது போடுங்க."

"வேற எவன்பா உன்ன மாரி பயந்துகினு ஓடியாருவான்?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பத்து மணி. வனமாமலை லைனின் நடுவில் நின்றான். அவன் கண் பதினேழாம் நம்பரைவிட்டு நகரவில்லை; ஆனால் அவளை நேராகப் பார்க்கவும் முடியவில்லை. அவள் கையை, ஸ்குரூ முடுக்கும் அந்தக் கன்னை, காலடியில் இருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டில் வழக்கம்போல நிறைந்திருந்தது. நாலு ஸ்குரூ. அடுத்த பெட்டி. நாலு ஸ்குரூ. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் சுகப்பிரியா குனிந்தாள், பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், அண்ணாந்து குடித்தாள். பாதி பாட்டில். பிறகு மூடியைத் திருகி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

இருபது நிமிடம் கழித்து அவள் கை மேலே போனது.

லைனில் யாரோ முணுமுணுக்கப் போனார்கள். முழுசாக வெளிவருவதற்குள் வனமாமலை அவள் பின்னால் போய் நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது. ஆனால் கை எழவில்லை. அவள் தோளைத் தொட அவனுக்கு என்ன தகுதி இருக்கிறது?

"தட்டுங்க" என்றாள் அவள், பெட்டியைப் பார்த்தபடியே. "தட்டாம எந்திரிக்கக் கூடாதுல்லா."

தட்டினான். அவள் எழுந்து போனாள். மெதுவாக, கையை வீசிக்கொண்டு, எல்லாரும் போகிற மாதிரி.

அவன் அவள் இடத்தில் உட்கார்ந்து ஸ்குரூ கன்னை எடுத்தான். இருபத்திரண்டு இருக்கையில் அந்த ஒன்றில்மட்டும் அவன் அதுவரை உட்கார்ந்ததில்லை. முதல் பெட்டிக்கு நாலு ஸ்குரூவை முடுக்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினான். நேர் எதிரே, எதுவும் மறைக்காமல், வெள்ளைப் பலகை. தேதி. டார்கெட். ரிலீவர்: வனமாமலை.

அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, பதினொரு நிமிடமும், அவள் அவன் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த பெட்டி வந்துவிட்டது. கண்ணீர் மறைத்தது. தடவித் தடவி முதல் ஸ்குரூவை வைத்தான்.